எட்ட நின்று படிக்கும் மழைத்தாள்

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரத்துக்கு அருகே, முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். அவ்வூர் மாணவர் இருவர் மழைமானி ஒன்றை வைத்து, நாள்தோறும் பெய்த மழையை அளந்து, கடைவீதிச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பொழுதுபோக்குதான். ஊருக்கும் பயன் உண்டு. தை, மாசியில் முந்திரி பூத்திருக்கும்போது பெய்யும் மழை பூவைக் கெடுத்துவிடும். ஆகவே தோப்புக்காரருக்கு 5 மி.மீ. மழையும் ஒரு செய்தியே.

ஆனால் அத்தாளை எத்தனை பேர் படிப்பார்கள்?

நான் மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு தாளைச் சுவரில் ஒட்டினேன். தலைப்புக்குப் பூ வேலைப்பாடு, நான்கு புறமும் கரை, ஆறு நிற மை. விவரங்களை மூலையில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். ஒரு பெரியவர் வந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இது என்ன கோயில் திருவிழா நோட்டீசா?” என்று கேட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. தவறு என்னுடையதுதான் என்பது பிறகுதான் விளங்கிற்று. நான் எழுதியது என் கண்ணுக்கு. அவர் படிக்க வந்தது அவர் கண்ணால்.

அந்தக் கண்ணிலிருந்தே தொடங்குவோம். நல்ல பார்வையுள்ள மனிதக் கண், இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு டிகிரி கோணத்தை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்கே அந்த எல்லை. ஒரு மீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 0.29 மி.மீ. ஆகும். இதை அடிப்படையாகக் கொண்டு, ஹெர்மன் ஸ்நெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் 1862-இல் ஓர் எழுத்து அட்டையை வெளியிட்டார். கண் மருத்துவமனைச் சுவரில் நீங்கள் பார்க்கும் அட்டை அந்த வழியில் வந்ததுதான். அதில் ஒவ்வோர் எழுத்தும் ஐந்து பங்கு உயரமுடையது. கோட்டின் தடிப்பு ஒரு பங்கு. 6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வேண்டிய வரிசையின் எழுத்து 9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 5 × 0.29 × 6.

தமிழ் எழுத்துக்கு இந்த ஐந்து பங்கு போதாது. மூன்று சுழி ‘ண’வை நோட்டில் பெரிதாக எழுதி, அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு இழுங்கள். அக்கோடு எழுத்தின் வரியையும் இடைவெளியையும் மாறி மாறிக் கடக்கும். எண்ணினால் ஏறத்தாழ ஒன்பது வரும். அதாவது, இரண்டு சுழியா மூன்று சுழியா என்று கண் பிரித்தறிய, எழுத்தின் அகலம் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். 3 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு 9 × 0.29 × 3. ஏறத்தாழ 8 மி.மீ. இதுவும் கூர்மையான பார்வை, நல்ல வெளிச்சம், அசையாமல் நின்று உற்றுப் பார்த்தல் ஆகிய மூன்றும் கூடினால்தான். பார்வை குறைந்த பெரியவரும், மிதிவண்டியை நிறுத்தாமல் திரும்பிப் பார்ப்பவரும் படிக்க வேண்டுமானால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். ஆக, 3 மீட்டருக்கு 2 செ.மீ. அகல எழுத்து என்று கொள்ளலாம். உங்கள் தாளில் மிக முக்கியமான எண்ணை 6 மீட்டரிலிருந்து படிக்க வேண்டுமென்றால் 4 செ.மீ.க்குக் குறையாமல் எழுதுங்கள்.

சுழி ஒன்று தவறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். “காலையில் கடும் பனி” என்று நீங்கள் எழுதியதை எட்ட நிற்பவர் “காலையில் கடும் பணி” என்று படிப்பார். யாருக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே போய்விடுவார்!

எழுத்தின் வடிவம் கண்ணுக்கும் கைக்கும் பாரமாக இருந்தால் அதையே மாற்றியவர்களும் நம்மிடையே உண்டு. பழைய அச்சு நூல்களில் ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துகளுக்கு முன்னே யானைத் துதிக்கை போன்ற தனி வளைவு இருக்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் 1935-இல் தம் ‘குடி அரசு’ இதழில் இவற்றை மற்ற எழுத்துகளின் ஒழுங்குக்கே கொண்டுவந்து அச்சிடத் தொடங்கினார். 1978 அக்டோபரில் தமிழக அரசு அவற்றுள் 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. படிக்கும் குழந்தைக்கும் அச்சுக் கோப்பவருக்கும் சுமை குறைந்தது.

இனி வரிகளைப் பார்ப்போம். நாம் படிக்கும்போது கண் வரியின்மேல் வழுவழுவென்று ஓடுவதாக நினைக்கிறோம். உண்மையில் அது தவளைபோலத் தாவுகிறது. ஒரு தாவல், ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழக் கால் விநாடி. நிற்கும்போதுதான் எழுத்து மனத்தில் பதிகிறது. பிரான்சில் லூயி எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது கவனிக்கப்பட்டது. வரி முடிந்ததும் கண் ஒரே நீண்ட தாவலில் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். வரி மிக நீளமாக இருந்தால் அந்தத் தாவல் குறி தவறும். படித்த வரியையே மீண்டும் படிப்போம், அல்லது ஒரு வரியை விட்டுவிடுவோம். சார்ட் தாள் முழுவதற்கும் குறுக்காக எழுதுவதைவிட, அதை இரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் வரிக்கு இத்தனை எழுத்து என்று சொல்லும் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. ‘பெய்துகொண்டிருந்தது’ என்ற ஒரே சொல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, பாருங்கள். வரிக்கு ஐந்தாறு சொற்கள் என்பது என் அனுபவக் கணக்கு. வலப்புற ஓரத்தை ஒரே சீராக்க வேண்டும் என்று சொற்களை இழுத்து விரிக்க வேண்டாம். நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு இடையே ஓட்டைகள் விழும்.

வரிகளுக்கு இடையிலும் இடம் விடுங்கள். ‘கு’, ‘மூ’, ‘ழு’ ஆகியவை கீழே கால் நீட்டுகின்றன. ‘கீ’யின் விசிறியும் மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே ஏறுகின்றன. நெருக்கி எழுதினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் மோதிக்கொள்ளும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் மஞ்சள் மை பகலிலேயே தெரியாது. கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதினால் அந்தி நேரத்தில் மறைந்துவிடும். ஏனெனில் மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு சிவப்பு விரைவில் கறுத்துப்போகும். நீலம் அவ்வாறு மங்குவதில்லை. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே கண்ட உண்மை இது. மாலையில் செம்பருத்திப் பூவையும் அதன் இலையையும் பார்த்து நீங்களே சோதிக்கலாம். இந்திய வானிலைத் துறை எச்சரிக்கைகளுக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைப் பயன்படுத்துகிறது. நீங்களும் அவ்வாறே செய்தால், நிறத்தோடு சொல்லையும் எழுதுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்களும் ஊரில் இருக்கும்.

இப்போது மழை அளவுக்கு வருவோம். மாணவர்கள் பெரும்பாலும் தேதியும் எண்ணுமாக ஒரு பட்டியல் போடுவார்கள். முப்பது எண்களை நின்று படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? எண்களைப் பட்டைகளாக வரைந்து காட்டும் வழக்கத்தை 1786-இல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் தம் நூலில் தொடங்கி வைத்தார். அவர் காட்டியது நாடுகளின் வாணிகக் கணக்கு. நமக்கு அவரைவிட ஒரு வசதி உண்டு: மழையை நீளத்தாலேயே அளக்கிறோம். 20 மி.மீ. மழை என்றால், ஓடாமலும் ஊறாமலும் நின்றால் தரையில் 20 மி.மீ. உயரத்துக்கு நீர் நிற்கும் என்று பொருள். ஆகவே அளவைச் சுருக்காமல், 1 மி.மீ. மழைக்கு 1 மி.மீ. உயரம் என்றே பட்டை வரையுங்கள். பட்டையே அன்றைய நீரின் ஆழமாகிவிடும்!

தாள் போதுமா என்று கேட்பீர்கள். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பெருமழையின்போது நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. சார்ட் தாளை நெட்டாக ஒட்டினால் உயரம் ஏறத்தாழ 70 செ.மீ. அந்த நாளும் அதற்குள் அடங்கும். தாளை ஒட்டிய பின் ஒரு சிறுவனை அருகே நிறுத்தி, அந்த 40 செ.மீ. அவன் காலில் எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் அளவு வரும். “அதி கனமழை” என்ற சொல் அவனுக்கு அதன்பின் வெறும் சொல்லாக இராது. பட்டைகளின் குறுக்கே 64.5, 115.6, 204.5 மி.மீ. உயரங்களில் மெல்லிய கோடுகள் இழுத்துவிடுங்கள். முறையே கனமழை, மிகக் கனமழை, அதி கனமழை ஆகியவற்றுக்கு வானிலைத் துறை வைத்துள்ள தொடக்க எல்லைகள் அவை.

சிறு குறிப்பு ஒன்றும் வேண்டும். இந்தியாவில் ஒரு நாளின் மழை என்பது முதல் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது. இதைத் தாளில் எழுதாவிட்டால், “நேற்று மாலை கொட்டியதை ஏன் இன்றைய தேதியில் போட்டிருக்கிறாய்?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள்.

தாள் முடிந்ததா? இனிமேல்தான் சோதனை. அதைப் பார்க்காத ஒருவரை அழைத்து நிறுத்தி, “நேற்று எவ்வளவு மழை? இந்த மாதத்தில் அதிக மழை என்றைக்கு?” என்று மட்டும் கேளுங்கள். விரலால் காட்டாதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். இதுதான் மிகவும் கடினம், வாய் தானாகத் திறந்துகொள்ளும். அவர் கண் முதலில் எங்கே போகிறது, எங்கே தடுமாறுகிறது, விடை சொல்ல எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று டென்மார்க்கில் பிறந்த யாக்கோப் நீல்சன் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். கணினித் திரைகளைச் சோதிப்பதற்காக அவர் சொன்ன கணக்கு அது, சுவருக்கும் பொருந்தும். ஐவரில் ஒருவர் பாட்டியாகவும் ஒருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாகவும் இருக்கட்டும். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் நேற்றைய எண்ணை எழுதியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்கெட்ச் பேனா மை பெரும்பாலும் நீரில் கரையக்கூடியது என்பதையும் நினைவில் வையுங்கள். கரையாத மைப் பேனாவோ கறுப்புப் பெயிண்டோ பயன்படுத்தி, தாளை இறவாரத்துக்கு உட்புறமாக ஒட்டுங்கள். ஊரார் அதைத் தேடி வரும் நாள், பெருமழை கொட்டிய மறுநாள் காலைதான்.