பழைய லாண்ட் ரோவருக்கு முன் டிபரன்சியல் மாற்றலாமா?



ஓய்வு பெற்றதும் கிடைக்கும் சேமலாப நிதிக் காசில் பழைய லாண்ட் ரோவர் ஒன்றை வாங்கி, மரக்கறி, விறகு, பசளை ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இராத்திரி நேரம் பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்கு ஓடுவதும் அதே வண்டிதான். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மறுபடி திறந்தது. அதனால் இருக்கிற வண்டியைத் திருத்தி ஓட்டுவதே வழக்கமாகிவிட்டது. "முன் டிபரன்சியல மாத்தினா எந்தச் சேத்துலயும் ஏறும்" என்று கராஜில் சொல்வார்கள். காசை எண்ணிக் கொடுக்குமுன் விஷயத்தை விளங்கிக்கொள்வோம்.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சில்லுக்குக் குறைந்த தூரம். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிபரன்சியலின் வேலை. இதில் ஒரு குறை உண்டு. ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால் அது மட்டுமே சுற்றும், பிடிப்புள்ள மற்றச் சில்லு சும்மா நிற்கும். இதற்காக வந்ததே 'லொக்கர்'. அது இரண்டு சில்லையும் ஒன்றாகப் பூட்டிவிடும்.

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் முன்பக்கம் பூட்டிய வண்டியின் ஸ்டியரிங் கனத்துவிடும், திருப்பினாலும் நேரே போகப் பார்க்கும். நம் மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் இழுவை முழுதும் ஒரே எக்சல் தண்டில் விழுந்து, அது முறியவும் கூடும். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாய்வதால் பிடிப்பும் பின் சில்லுகளுக்கே அதிகம். ஆகவே லொக்கர் போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் பின்னுக்குப் போடுங்கள். அதுவும் வேண்டியபோது மட்டும் சுவிட்சால் பூட்டும் வகையாக இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பல் கணக்கில் இருக்கிறது. சீரிஸ் 2, சீரிஸ் 3 வண்டிகளின் டிபரன்சியல் 4.7. அதாவது பினியனில் 10 பல், கிறவுன் வீலில் 47 பல். டிஸ்கவரி, பழைய ரேஞ்ச் ரோவர் வண்டிகளில் இருப்பது 3.54. பழைய இரும்புக் கடையில் அது மலிவாகக் கிடைத்தால், உங்கள் வண்டியிலும் பெரும்பாலும் பொருந்திவிடும். அங்கேதான் ஏமாறுவோம். அதை முன்னுக்கு மட்டும் போட்டால், மஞ்சள் குமிழை அழுத்தி நாலு சில்லையும் இழுக்க விட்டதும் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட மூன்றில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றப் பார்க்கும். சேற்றில் வழுக்கித் தப்பிக்கொள்ளும். கொங்கிறீட் பாதையில் ஏதோவொன்று உடைந்தே தீரும். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றினால் உடையாது, நுவரெலியா ரோட்டில் வேகமும் கூடும். ஆனால் இழுவையில் கால்வாசி போய்விடும். மூட்டையோடு மலையேறும் வண்டிக்கு இது தேவையில்லை என்பதே நம் எண்ணம்.

வண்டியில் இருப்பது எது என்று பார்ப்பது எளிது. சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சிவப்பு லீவர் முன்னுக்கும் மஞ்சள் குமிழ் மேலேயும் இருக்க வேண்டும். முன் சில்லில் பிரீவீல் ஹப் இருந்தால் 'லொக்' செய்யுங்கள். ஒரு முன் சில்லை மட்டும் ஜக்கில் தூக்கி, முன் புரொப்பெல்லர் தண்டில் சோக்கால் கோடு போட்டு, சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தண்டு ஏறத்தாழ நாலே முக்கால் சுற்றுச் சுற்றினால் 4.7. மூன்றரை சுற்றினால் 3.54.

பின்பக்கம் தூக்கும்போது மிகக் கவனம். இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, பின் புரொப்பெல்லர் தண்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சில்லு தரையை விட்டு எழும்பினால், பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுக்காமல் ஜக்கைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் கிட்ட விடாதீர்கள்.

பல வண்டிகளுக்குப் புது டிபரன்சியலே தேவைப்படாது. கசியும் சீலை மாற்றி, ஈ.பி. 90 எண்ணெயை மட்டம் பார்த்து நிரப்பி, நல்ல டயர் நாலு போட்டாலே பாதிக் குறை தீரும். கால் அழுத்தும்போதும் எடுக்கும்போதும் ஊளைச் சத்தம் கேட்டால் மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கிறவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய ஜோடி. ஒன்றைத் தனியாக விற்கிறவரிடம் வாங்க வேண்டாம்.