நஞ்சை டிராக்டருக்குச் சக்கர அளவு தெரிந்தெடுக்கும் விதம்

கீழப்பாவூர்ப் பகுதியில் குளத்துப் பாசனமுள்ள நஞ்சையும், அதற்கு மேட்டில் செம்மண் புஞ்சையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரே டிராக்டர் காலையில் வயலில் தொழி அடித்துவிட்டு, மாலையில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி மூடைகளை இழுத்துச் செல்கிறது. இவ்விரு வேலைக்கும் முற்றிலும் பொருந்தும் சக்கரம் ஒன்று கிடையாது. ஆகையால் டயர் தேய்ந்து புதிது வாங்கும் சமயத்தில், “ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் சேற்றில் அமிழாது” என்று கடைவீதியில் சொல்லப்படும் யோசனையை அப்படியே ஏற்பது உசிதமன்று. பின்சக்கர டயர் ஒரு ஜோடி வாங்க, சிறு விவசாயி பிசானத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கும். தவறான அளவை வாங்கிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளார்.

மாட்டு வண்டியைக் கொண்டு இவ்விஷயத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வண்டிச் சக்கரம் ஆள் மார்பளவு உயரமுள்ளது. ஆதலால் பள்ளத்தில் விழாமல் ஏறிச் செல்லும். ஆனால் அதன் இரும்புப் பட்டையோ இரண்டு விரல் அகலமே. கல் பாவிய பாதையில் அது போதும். ஈர வரப்பிலோ கத்திபோல் இறங்கிவிடும். உயரம் பள்ளத்தைக் கடக்க உதவும், அகலம் பாரத்தைத் தாங்கும். இவை இரண்டும் வெவ்வேறு குணங்கள். ஜான் பாய்ட் டன்லப் என்பவர் 1888-ஆம் ஆண்டில் காற்றடைத்த டயரைச் செய்தார். எனினும் டிராக்டர்கள் நெடுநாள் இரும்புச் சக்கரத்துடனேயே ஓடின. 1932-இல்தான் அமெரிக்காவில் காற்று டயருடன் கூடிய டிராக்டர் விற்பனைக்கு வந்தது.

காற்று டயரின் சூட்சுமம் அதன் காற்றிலேயே இருக்கிறது. ஒரு சக்கரத்தின் மேல் 1,200 பவுண்டு பாரம் இருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு காற்றடைத்தால் டயர் ஏறக்குறைய 60 சதுர அங்குல மண்ணைத் தொடும். 12 பவுண்டாகக் குறைத்தால் 100 சதுர அங்குலம் தொடும். டயர்ச் சுவரும் சிறிது பாரத்தைத் தாங்குவதால் இக்கணக்கு உத்தேசமானதே. ஆயினும் காசு செலவின்றி மண்ணின்மேல் அழுத்தத்தைக் குறைக்கும் வழி இதுவே. பாரம் ஏற்றிச் சாலையில் வேகமாய்ப் போகும்போது குறைந்த காற்று டயரைச் சூடேற்றிக் கெடுக்கும். ஆதலால் தயாரிப்பாளர் கொடுத்துள்ள காற்றுப் பட்டியலைப் பார்த்து, வயலுக்கு ஓர் அளவும் சாலைக்கு ஓர் அளவும் வைத்துக்கொள்ளுதல் நலம்.

இனி, டயரின் மேல் எழுதியுள்ள எண்கள். 13.6-28 என்றால் அகலம் சுமார் 13.6 அங்குலம், டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 28 அங்குலம். இதே அளவு 340/85 ஆர் 28 என்றும் எழுதப்படும். அதாவது அகலம் 340 மில்லிமீட்டர், டயரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 85 பங்கு. கூட்டிப் பார்த்தால் முழு விட்டம் 1,289 மில்லிமீட்டர் ஆகும். அடுத்த அளவாகிய 14.9-28, அதாவது 380/85 ஆர் 28, 1,357 மில்லிமீட்டர். நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று அதிகமாக விட்டம் கூடுகிறது. அச்சோ ஒன்றரை அங்குலம்கூட உயரவில்லை. அதே ஐந்து பங்கு, ஒவ்வொரு கியரிலும் வேகம் கூடி இழுவை குறையும். பழைய ரிம் புதிய அகலத்துக்குப் போதுமா, டயர் மட்கார்டில் உரசுமா என்பவற்றையும் அளந்து பார்க்க வேண்டும்.

அகல டயர் எல்லாச் சேற்றுக்கும் மருந்தன்று. பல காலம் தொழி அடித்த நஞ்சையில், சேற்றுக்குக் கீழே இறுகிய அடித்தளம் ஒன்று உண்டு. வயலில் தண்ணீரை நிறுத்துவதும் அதுவே. அத்தளம் மேலேயே கிடைக்குமாயின், குறுகலாயும் உயரமாயும் ஆழ்ந்த பற்கள் உடையதாயும் உள்ள டயர் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அகன்றது சேற்றின்மேல் மிதந்து வழுக்கும். தளம் ஆழத்தில் இருந்தாலோ, வயலில் ஊற்று இருந்தாலோ, அகலமே தேவை; அல்லது கேஜ்வீல் என்று வழங்கும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தை வயலோரத்தில் மாட்டி, வேலை முடிந்ததும் அங்கேயே கழற்ற வேண்டும். எனவே கடைக்குப் போகுமுன் ஒரு கம்பியை வயலில் பத்து இடங்களில் ஊன்றிப் பார்ப்பது உத்தமம். ஒரே இடத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டு அடித்தளத்தை உடைத்துவிட்டால், அவ்விடத்தில் தண்ணீர் நில்லாது. டிராக்டரும் அடுத்த போகத்தில் அங்கேயே சிக்கும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் வைத்திருப்போர் மிக எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அதில் முன்சக்கரமும் பின்சக்கரமும் பல்சக்கரங்களால் பிணைக்கப்பட்டுள்ளன. முன்சக்கரம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை முந்தி இழுக்குமாறு அது அமைக்கப்பட்டிருக்கிறது. பின் டயரை மட்டும் ஒரு சைஸ் கூட்டினால் இந்த ஏற்பாடு கெடும். முன்சக்கரம் இழுக்காமல் இழுபடும், டயர் சீக்கிரம் தேயும், அச்சும் பற்களும் முறியக்கூடும். பழைய முன் டயருடன் புதிய பின் டயரைச் சேர்த்தாலும் ஓரளவு இதே சங்கடம் உண்டு.

இதைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. சமமான மண் பாதையில், முன்சக்கரம் ஒன்றிலும் பின்சக்கரம் ஒன்றிலும் சுண்ணாம்பால் அடையாளம் இட்டு, முன்சக்கர விசையை விலக்கி, பின்சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை மெதுவாக ஓட்டவும். முன்சக்கரத்தின் சுற்றுகளை ஒருவர் எண்ணவும். பிறகு விசையைச் சேர்த்து அவ்வாறே எண்ணவும். முதலில் 15 சுற்றும், பிறகு பதினைந்தரையும் வந்தால் பொருத்தம் சரி. இரண்டாம் முறை 15 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் முன்சக்கரம் இழுபடுகிறது. பதினைந்தே முக்காலுக்கு மேற்பட்டால் அளவுக்கு மீறி முந்துகிறது. இரவல் ரிம்மில் டயரை மாட்டி இச்சோதனை செய்தபின் பணம் கொடுப்பதாகக் கடைக்காரரிடம் முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும்.