இனி செய்ய ஒன்றுமில்லையா?

"இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துக்குங்க." நோயைக் குணப்படுத்த இனி வழியில்லை என்பதைத்தான் மருத்துவர் சொல்கிறார். வீட்டார் காதில் விழுவதோ, நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது. தீராத நோய் விஷயத்தில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறான நம்பிக்கை. வலி, மூச்சுத்திணறல், குமட்டல், படுக்கைப்புண், மலச்சிக்கல், உறக்கமின்மை, பயம் என எல்லாவற்றையும் தணிக்க வழி இருக்கிறது. அதற்கென்றே நோய் ஆதரவு சிகிச்சை (பேலியேட்டிவ் கேர்) என்று ஒரு மருத்துவத் துறையும் இருக்கிறது.

லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்) அந்தத் துறைக்கு உருவம் கொடுத்தது. நர்ஸாகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் வேலை பார்த்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர் அவர். உடம்பு வலியோடு மனக்கவலை, குடும்பக் கவலை, பணக்கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் வலி என்றார். மும்பையில் 1986-இல் சாந்தி அவேத்னா சதன் என்ற ஹாஸ்பிஸ் வந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய முயற்சி, நோயாளியின் வீட்டு வாசலுக்கே போகும் பராமரிப்பாகக் கேரளம் முழுக்கப் பரவியது. ஆகவே ஹாஸ்பிஸ் என்றால் பெற்றவர்களைக் கொண்டுபோய்த் தள்ளிவிடும் இடம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அந்தச் சிகிச்சை நடப்பது நோயாளியின் சொந்தக் கட்டிலில்தான்.

'பேலியேட்டிவ் கேர்' என்ற பேச்சை எடுத்தாலே நாள் எண்ணத் தொடங்கிவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து 2010-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு நோய் ஆதரவு சிகிச்சையையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களின் ஆயுளும் கூடியிருந்தது: இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம். மற்றவர்களுக்கு 8.9 மாதம். இந்தச் சிகிச்சை புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் அல்ல. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், நினைவு தப்பிய முதியவர்கள் எல்லோருக்கும் இது தேவைப்படும். தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் இது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்தது மார்ஃபின் என்ற வலி மருந்து. "அது போதை மருந்தாச்சே, பழகிடும்", "அதை ஆரம்பிச்சா ஆள் சீக்கிரம் போயிடுவாங்க." இந்த இரண்டு பேச்சும் எத்தனையோ பேரை இரவெல்லாம் முனக விட்டிருக்கின்றன. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளந்து தரும் மார்ஃபினால் அடிமைத்தனம் ஏற்படுவது அரிது. சரியான அளவில் கொடுத்தால் அது மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை; குறைந்த அளவில் மூச்சுத்திணறலின் தவிப்பைக்கூடத் தணிக்கும். முதல் இரண்டு மூன்று நாள் நோயாளி அசந்து தூங்குவார். வீட்டார் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள். வாரக்கணக்காக வலியில் உறங்காதவர் உறங்குகிறார் என்பதும் அந்தத் தூக்கத்துக்கு ஒரு காரணம். மலச்சிக்கல் மட்டும் அநேகமாக எல்லோருக்கும் வரும். அதனால் முதல் மாத்திரையோடு சேர்த்தே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவது. வலி வந்த பிறகு கொடுப்போம் என்று தள்ளிப்போடுவதுதான் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. கடிகாரம் பார்த்துக் கொடுங்கள்.

மார்ஃபின் எடுக்கப்படும் அபினை அரசு அனுமதியோடு விளைவிக்கும் நாடு நம்முடையது. அப்படியிருந்தும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கேட்ட பல உரிமங்களுக்குப் பயந்து மருத்துவமனைகளே மார்ஃபினை வாங்காமல் விட்டன. 2014-இல் திருத்தம் வந்து நடைமுறை எளிதானது. சட்டம் இறங்கி வந்துவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் பயம் இன்னும் இறங்கவில்லை.

சோற்று விஷயம் எல்லாவற்றையும்விடக் கடினமானது. "ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கட்டும்" என்று ஸ்பூனோடு மகள் நிற்பாள். அம்மா உதட்டை இறுக மூடிக்கொள்வாள். பட்டினியால் உயிர் போகிறது என்று மகள் நினைக்கிறாள். உண்மையில், உயிர் அடங்கிக்கொண்டிருப்பதால் பசி போய்விட்டது. அந்த நிலையில் உடம்பு உணவைக் கேட்பதில்லை, கொடுத்தாலும் பயன்படுத்த முடிவதில்லை. நோயாளியே கேட்டால், கேட்டதைக் கேட்ட அளவு கொடுங்கள். ஒரு வாய் ஐஸ்கிரீமாக இருந்தாலும் சரி. "ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க" என்ற வேண்டுகோளும் இதைப் போன்றதுதான். உறுப்புகள் ஓய்ந்துகொண்டிருக்கும் உடம்பில் ஏற்றும் நீர் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் போய்ச் சேரும்.

கடைசி நாட்களில் மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். "ஏதோ ஆசை இருக்கு, அதான் இழுத்துக்கிட்டிருக்கு" என்பார்கள். மண்ணாசை என்று நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுவார்கள். பொன்னாசை என்று நகையை உரசி விடுவார்கள். உறவுகள் வரிசையாக நின்று பால் ஊற்றுவார்கள். இதைச் செய்கிறவர்கள் பாசத்தால்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விழுங்கும் சக்தி போன தொண்டையில் ஊற்றும் பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். அந்தச் சத்தம் ஆசையின் சத்தம் அல்ல; விழுங்க முடியாமல் தேங்கிய எச்சில். அந்நேரம் நோயாளி பெரும்பாலும் அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், ஊசி மருந்தும் உண்டு. பால் விட்டே ஆக வேண்டுமென்றால் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுங்கள். சடங்கும் நிறைவேறும், தவிப்பும் வராது. சுத்தமான துணியை விரலில் சுற்றி, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்து நாக்கையும் ஈறையும் மெல்லத் துடைத்து, வறண்ட உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஊட்டத் துடிக்கும் கைக்கு அந்நேரம் உரிய வேலை அதுதான்.

தென்மாவட்டங்களில் சில இடங்களில் 'தலைக்கூத்தல்' என்று எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றி, இளநீர் கொடுத்து முதியவர்களை முடித்துவிடும் வழக்கம் இருந்ததாக வந்த செய்திகளை நாம் அறிவோம். அது கொலை, எந்தச் சமாதானமும் செல்லாது. ஆனால் மாதக்கணக்கில் படுத்த ஒருவரைக் கூலிவேலைக்குப் போகும் வீடு எந்தத் துணையும் இல்லாமல் பார்க்க வேண்டியிருப்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தப் பேச்சு முடியாது. தலைக்கூத்தலுக்கு நேர் எதிரானது நோய் ஆதரவு சிகிச்சை. அது சாவை விரைவுபடுத்துவதும் இல்லை, பிடித்து நிறுத்துவதும் இல்லை. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்றவை எனக்கு வேண்டாம் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என்று 2023-இல் நீதிமன்றம் அந்த முறையை எளிதாக்கியது.

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்." பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரியும். வீட்டார் தாங்க மாட்டார்கள் என்று அவரும் பேசாமல் இருப்பார். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்பதுதான் முறை. சொல்லாமல் விட்டால் கடன் கணக்கு, பத்திரம் இருக்கும் இடம், தம்பியோடு பேச்சை நிறுத்திய சண்டை எல்லாம் அவரோடு போய்விடும். நினைவு தப்பியவர்களிடமும் பேசுங்கள். கனடாவில் ஒரு ஹாஸ்பிஸ் நோயாளிகளிடம் செய்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், கடைசி மணி நேரங்களில் அசைவற்றுக் கிடந்த சிலரின் மூளையும் ஒலிக்கு எதிர்வினை காட்டியது.

இத்தனையையும் செய்வது அநேகமாக ஒரே ஒரு பெண். மனைவி, மகள் அல்லது மருமகள். "அவதான் பொறுமையா பார்த்துக்கிறா" என்று பாராட்டிவிட்டுப் போகும் உறவினர்கள் வாரத்தில் இரண்டு இரவு படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தூங்க விடட்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் நோய் ஆதரவு சேவையும் வீட்டுக்கே வருகிறது. ஊர்ப் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் அவளைப் போய்ப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு மாத்திரை கொடுக்க எழுந்து பழகியவளுக்குத் தூக்கம் திரும்ப வெகுநாள் ஆகும்.