இரவில் உட்காரும் கார்: அடிக்கோலால் ஒரு சோதனை

உங்கள் வீட்டில் யாராவது பழைய மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கலாம். 1998இல் அறிமுகமாகி 2005 வரை தயாரான ‘டபிள்யூ220’ வகைக் கார்கள் இன்று புதிய மைவியைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. தோல் இருக்கை, மர வேலைப்பாடு, மெத்தையில் மிதப்பது போன்ற ஓட்டம். யாருக்குத்தான் ஆசை வராது? நீங்கள் படிவம் 4 இயற்பியல் படிப்பவர் என்றால், அந்த விலை பேச்சில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். ஒரு கார் புதிதாக 400,000 ரிங்கிட் என்றும், ஆண்டுக்கு 15 விழுக்காடு மதிப்பு இழக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் 0.85ஆல் பெருக்க வேண்டும். 10 ஆண்டில் சுமார் 78,750 ரிங்கிட். 20 ஆண்டில் சுமார் 15,500. இது பெருக்குத் தொடர். உதிரிபாகங்களின் விலையோ இந்தத் தொடரைப் பின்பற்றாது. 400,000 ரிங்கிட் காருக்குச் செய்த பாகத்தைத்தான் 15,500 ரிங்கிட் காருக்கும் வாங்க வேண்டும். சாலை வரியும் அப்படித்தான். தீபகற்ப மலேசியாவில் 2,799 சிசி சொந்தக் காருக்கு 880 + (299 × 2.50) = 1,627.50 ரிங்கிட். 1,496 சிசி மைவிக்கு 90 ரிங்கிட். காரின் வயது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா?

இனி அந்த மிதக்கும் ஓட்டத்துக்கு வருவோம். சாதாரணக் காரைத் தாங்குவது எஃகுச் சுருள்வில். டபிள்யூ220இல் பெரும்பாலானவற்றைத் தாங்குவது ரப்பர் பைக்குள் அடைக்கப்பட்ட காற்று. காரின் பொருண்மை 1,800 கிலோகிராம் எனக் கொண்டால், ஒரு மூலைக்கு 450 கிலோகிராம். அதாவது சுமார் 4,500 நியூட்டன் விசை. பையின் பரப்பு 60 சதுர செ.மீ. என்றால், அழுத்தம் = விசை ÷ பரப்பு = 4,500 ÷ 0.006 = 750,000 பாஸ்கல், அதாவது 7.5 பார். கார் டயரில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்!

சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது காற்றின் கன அளவு ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது என்போம். பாயில் விதியைப் பயன்படுத்தும்போது பலர் வளிமண்டல அழுத்தத்தை மறந்துவிடுகிறார்கள். 7.5 உடன் 1 பாரைக் கூட்டி 8.5 என்றே தொடங்க வேண்டும். 8.5 ÷ 0.8 = சுமார் 10.6 பார். கூடிய அழுத்தம் காரை மெதுவாக மேலே தள்ளுகிறது. (உண்மையில் மேடு கண நேரத்தில் கடந்துவிடும், வெப்பம் வெளியேற நேரமில்லாததால் அழுத்தம் இன்னும் சற்றுக் கூடும்.)

சிக்கல் அந்த ரப்பர் பையில்தான். ரப்பர் மூலக்கூறுகளில் உள்ள கார்பன் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்கி உடைக்கும். இழுபட்டு மடியும் இடங்களில் வெடிப்பு விரைவாகத் தோன்றும். பையோ ஒவ்வொரு குலுங்கலுக்கும் மடிந்து விரிகிறது. 20 ஆண்டு வெயிலும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வழியே காற்று கசியும். காலையில் கார் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். இயந்திரத்தை முடுக்கினால் கம்பிரஸர் காற்றை நிரப்பி மீண்டும் தூக்கிவிடும். அவ்வப்போது சிறிது நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட கம்பிரஸர், கசிவை ஈடுகட்ட நெடுநேரம் ஓடிச் சூடாகி, ஒருநாள் எரிந்தே போகும். பைக்கும் செலவு, கம்பிரஸருக்கும் செலவு.

“ராத்திரி குளிருக்குக் கொஞ்சம் இறங்கும், பயப்படாதீங்க” என்று விற்பவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? சார்ல்ஸ் விதியை எடுங்கள். காரின் எடை மாறவில்லை. ஆகவே பைக்குள் அழுத்தமும் ஏறக்குறைய மாறாது. மாறுவது கன அளவு. மாலையில் 34 பாகை செல்சியஸ், விடியற்காலையில் 24 என்றால், கெல்வினில் 307இலிருந்து 297. குறைவு 3.3 விழுக்காடு மட்டுமே. பைக்குள் காற்றின் உயரம் 20 செ.மீ. என வைத்தால், இறக்கம் 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. கார் 5 செ.மீ. இறங்கியிருந்தால் பழி குளிர்மீது இல்லை.

சோதனைக்கு ஓர் அடிக்கோல் போதும். சமதளத்தில் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே உள்ள மட்காட் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை கதவைத் திறப்பதற்கு முன்பே மீண்டும் அளங்கள். சில கார்கள் கதவைத் திறந்ததுமே உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பையிலோ அதன் குழாயிலோ கசிவு என்று சந்தேகிக்கலாம். பட்டறையில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். நீங்களாகக் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். காற்று திடீரென இறங்கினால் காரும் இறங்கும்.

இரவு முழுவதும் காரை விட்டுவைக்க விற்பவர் சம்மதிக்கவில்லையா? காலை எட்டு மணிக்கு ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை அளங்கள். வெயில் ஏற ஏற நல்ல பையில் காற்று விரிந்து கார் ஓரிரு மில்லிமீட்டராவது உயர வேண்டும். அந்த நேரத்திலும் இறங்குகிறது என்றால், காற்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது.