வேலையை விட்டுப் படிக்கலாமா? எக்ஸெல்லில் கணக்குப் போடுங்கள்

சாப்ட்வேர் வேலையில் ஆறு வருடம் ஓடியதும் எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. படிக்கும் ஆசை எனக்கு வந்தது. அனுபவசாலிகளுக்கான இந்தப் படிப்பை 1943-ல் தொடங்கி வைத்தது சிகாகோ பல்கலைக்கழகம். நம் நாட்டில் அகமதாபாத் ஐ.ஐ.எம். 2006-ல் ஒரு வருட முழுநேரப் படிப்பைக் கொண்டு வந்தது. அதே மாதிரியான வேறொரு படிப்பில்தான் நான் சேர்ந்தேன்.

சேரும் முன் அப்பாவிடம் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குக் காட்டினேன். கட்டணம் 10 லட்சம், ஒரு வருடச் சம்பள இழப்பு 8 லட்சம், ஆக 18 லட்சம். படித்தபின் வருடத்துக்கு 4 லட்சம் கூடுதலாகக் கிடைத்தால் ஐந்து வருடத்தில் 20 லட்சம். இரண்டு லட்சம் லாபம்! (தொகைகள் எல்லாம் இங்கே முழு எண்களாக்கப்பட்டவை.) அப்பாவும் சரி என்றார்.

முதல் மாத நிதிப் பாடத்திலேயே அந்தச் சீட்டு கிழிந்தது. ஐந்து வருடம் கழித்து வரும் ரூபாய்க்கு இன்றைய ரூபாயின் மதிப்பு கிடையாது என்றார் பேராசிரியர். அன்றிரவு விடுதியில் கணக்கைத் திரும்பப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

எக்ஸெல்லைத் திறந்து, பி1 செல்லில் -1000000 என டைப் செய்யுங்கள். இது இன்று கட்டும் பணம். பி2-வில் -800000. பி3 முதல் பி7 வரை 400000. கையை விட்டுப் போகும் பணத்திற்கு மைனஸ் குறி அவசியம். அடுத்து பி9-ல் க்ளிக் செய்து, மேலே பார்முலா பார் அருகில் உள்ள எஃப்.எக்ஸ். பட்டனை அழுத்தவும். வரும் பட்டியலில் என்.பி.வி. பங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். ரேட் கட்டத்தில் 10%, வேல்யூ1 கட்டத்தில் பி2 முதல் பி7 வரை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து ஓகே தரவும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பி1-ஐயும் உள்ளே சேர்த்துவிடுவார்கள். இந்தப் பங்ஷன் முதல் தொகையை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். பி1 இன்றே போகும் பணம் அல்லவா? எனவே பார்முலா பாரில் கடைசியில் க்ளிக் செய்து, பிளஸ் குறி போட்டு, பி1-ஐ க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள்.

விடை: -3,48,805. லாபம் இல்லை, மூன்றரை லட்சம் நஷ்டம்! பி1-ஐ உள்ளே சேர்த்திருந்தால் -3,17,095 என்று தவறாகக் காட்டும்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. கட்டணமும் கட்டியாயிற்று, வேலையையும் விட்டாயிற்று. மறுநாள் காலைக்குள் மூன்று கேஸ் ஸ்டடி வேறு படித்தாக வேண்டும். அந்த ஒரு வருடம் ஐந்து மணி நேரத் தூக்கமே பெரிய விஷயம். ஆனால் பக்கத்து இருக்கையில் கடற்படை அதிகாரி, எதிரே டாக்டர். அவர்களோடு போட்ட வாக்குவாதங்களை எந்தச் செல்லில் எழுதுவது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

கூடுதல் சம்பளம் ஏழு வருடம் வரும் எனக் கணக்கை நீட்டினால் ரூ.43,061 லாபம் தெரியும். ஐந்தே வருடம், ஆனால் வருடம் 5 லட்சம் என்றால் நஷ்டம் ரூ.4,188 ஆகச் சுருங்கும். உங்கள் தொகைகளைப் போட்டுப் பார்த்து, கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் ஃபைலைச் சேமித்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்டுங்கள்.