கூட்டு வியாபாரத்தில் நம் முதல் எவ்வளவு?

பனமலைப் பக்கத்து மணிலாவையும் உளுந்தையும் வாங்கி விழுப்புரம், திண்டிவனம் கடைகளுக்கு அனுப்பும் தொழிலில் நாமும் நம் மைத்துனரும் 2009 முதல் சரிபாதிக் கூட்டாளிகள். 2022-ல் அவர் விலகினார். "உங்கள் முதல் எவ்வளவு?" என்று கேட்டபோது, பத்திரத்தில் எழுதிய 4 லட்சத்தைத்தான் அவர் சொன்னார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பத்திரத்தில் உள்ளது ஆரம்பம் மட்டுமே. பின்னால் போட்ட பணமும், ஆண்டுதோறும் வரவு வைத்த லாபமும் அதோடு கூடும். வீட்டுக்கு எடுத்ததும், நஷ்டத்தில் பங்கும் கழியும். அவர் பேரேடு இப்படி நின்றது: முதல் 4,00,000, பிறகு போட்டது 1,00,000, லாபம் 11,50,000. இதில் எடுத்தது 9,60,000. ஊரடங்கு ஆண்டு நஷ்டம் 40,000. மீதி 6,50,000.

அவர் 2 லட்சம் கைமாற்றாகவும் கொடுத்திருந்தார். கணக்குப்பிள்ளை அதையும் முதலில் சேர்த்திருந்தார். அது தவறு. கடன் வேறு, முதல் வேறு. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, கணக்குத் தீர்க்கும்போது வெளியார் கடனுக்குப் பிறகு கூட்டாளியின் கடன், அதற்குப் பிறகே முதல்.

இன்னொன்று. கடைசி இரண்டு ஆண்டில் அவர் வீட்டு இன்சூரன்ஸும் பிள்ளை படிப்புக் கட்டணமும் 70,000 ரூபாய் கல்லாவிலிருந்து போய், 'கடைச் செலவு' என்று எழுதப்பட்டிருந்தது. முழு 70,000-ஐயும் அவர் கணக்கில் கழித்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அது செலவு அல்ல என்றானதும் லாபம் 70,000 கூடுகிறது. அதில் இருவருக்கும் தலா 35,000. ஆகவே அவர் கணக்கில் நிகரமாகக் குறைவது 35,000, நமக்குக் கூடுவது 35,000. (கூடிய லாபத்துக்கு வரியும் கட்டினோம், அதை இங்கே சேர்க்கவில்லை.) அவர் முதல் 6,15,000 என்று முடிந்தது. உறவில் இதைச் சொல்வது எளிதல்ல. பேரேட்டை விரித்துக் காட்டிய பின்பே மைத்துனர் ஒப்பினார்.

அடுத்து கிடங்கு. புத்தகத்தில் பழைய விலை. இன்றைய மதிப்பில் அவர் பங்குக்கு 3 லட்சம் கூடுதல். மொத்தம் 9,15,000 கொடுத்தோம். இங்கேதான் 2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் குறுக்கிடுகிறது. விலகும் கூட்டாளி பெறுவது அவர் முதலுக்கு மேல் போனால், அந்த மிகுதிக்கு நிறுவனம் வரி கட்ட வேண்டும். கிடங்கு மதிப்பை ஏட்டில் உயர்த்தி முதலைப் பெருக்கிக் காட்டினால் அந்த உயர்வை ஏற்பதில்லை. ஆக 3,00,000-க்கு நிறுவனத்தின் பேரில் வரி. கிடங்கைப் பின்னாளில் விற்றால் இதைக் கழித்துக்கொள்ள வழியுண்டு. அதற்கான படிவத்தை அந்த ஆண்டே ஆடிட்டர் மூலம் தாக்கல் செய்துவிட வேண்டும். வரவு வைத்த லாபத்துக்கோ கூட்டாளி மறுபடி வரி கட்டுவதில்லை, நிறுவனமே கட்டிவிட்டது.

அமெரிக்காவில் சிறு கம்பெனிப் பங்குதாரர்களும் ஏறக்குறைய இதே கூட்டல் கழித்தலை ஆண்டுதோறும் எழுதி வைக்கிறார்களாம். நாம் பிரியும்போதுதான் ஏட்டைத் தேடுகிறோம்.

பணம் கொடுக்கத் தாமதித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, விலகியவர் தம் பங்குக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோ, அதனால் வந்த லாபத்தில் பங்கோ, எது வேண்டுமோ கேட்கலாம். மைத்துனருக்கு மூன்று தவணையில் தீர்த்தோம். அந்த 6 சதவீதத்தையும் சேர்த்தே கொடுத்தோம்.