தராசில் ஏறும் தண்ணீர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. மூன்றே நாளில் இரண்டு கிலோ இறக்கிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். நேற்று அக்கா போனில் பெருமையாகச் சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. போனில் பேசினால் திட்டிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

முதலாளி வீட்டில் பட்டு நிறுத்து வாங்கும்போது உன் அப்பாவைக் கவனித்திருக்கிறாயா? ஐப்பசி மழையில் கொடுத்தால் முகம் சுளிப்பார், நூலை விரலில் உருட்டிப் பார்ப்பார். பட்டு குடித்த ஈரம் கைக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். காய்ந்த பிறகு புடவையாக நிறுத்தால் கணக்கு இடிக்கும். உன் உடம்பும் அந்த ஜாதிதான். மூன்று நாளில் இரண்டு கிலோ கொழுப்பு எவனுக்கும் கரையாது. போனது தண்ணீர்.

நம் வீட்டு நோயை உனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. நம்மூரில் ஏரி வெட்டி, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்ததைப் பல்லவ மன்னன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு சொல்கிறது. கால் வெட்டினால் மட்டும் போதுமா, மதகை மூட ஆள் வேண்டாமா? சிறுநீரகத்து மதகை மூடச் சொல்லும் உத்தரவுதான் வாசோப்ரெசின் என்கிற ஹார்மோன். நம் சிறுநீரகத்துக்கு அது காதில் விழாது. எக்ஸ் குரோமோசோமில் ஏவிபிஆர்2 என்ற மரபணுவில் பழுது. உன் பாட்டியிடமிருந்து எனக்கு நேராக வந்தது, உனக்கு அக்கா வழியாக. தாய்மாமன் ஜாடை என்று வைத்துக்கொள். சர்க்கரை வியாதிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம் நோயின் பழைய பேரில் இருந்த 'டயாபடீஸ்' என்ற சொல்லே ஆபத்தான குழப்பம் உண்டாக்கியதால் 2022இல் மருத்துவர்கள் பேரையே மாற்றிவிட்டார்கள்.

இனி எடைக் கணக்கு. தின்கிற உப்பையும் புரதத்தின் கழிவையும் சிறுநீரகம் தண்ணீரில் கரைத்துத்தான் வெளியே தள்ள வேண்டும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் தண்ணீரில் நிறையக் கரையும், நமக்குக் கரையாது. கூடுதலாக 3 கிராம் உப்பு தின்றால், நோய் கடுமையாக உள்ளவனுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் அதிகமாகப் போகும். ஜிம்மில் கொடுக்கும் புரதப் பவுடரில் 25 கிராம் புரதம் என்றால் அது ஒரு லிட்டரைத் தாண்டும். உப்பைக் குறைத்தால்தான் டாக்டர் தந்த தயசைடு மாத்திரையும் வேலை செய்யும். சிறுநீர் போகவைக்கும் மாத்திரை நமக்கு மட்டும் சிறுநீரைக் குறைக்கிறது. வேடிக்கைதான், ஆனால் உண்மை.

இதெல்லாம் தெரிந்தும் நானே மாட்டிக்கொண்டேன். ஆறேழு வருஷத்துக்கு முன் ஒரு நண்பன் பேச்சைக் கேட்டு பேலியோ ஆரம்பித்தேன். காலையில் ஐந்து முட்டை, மத்தியானம் அரைக் கிலோ கறி. வாரத்தில் மூன்று கிலோ போயிற்று. ராத்திரி நாலு தடவை எழுந்தவன் எட்டுத் தடவை எழுந்தேன். ஒரு விடியற்காலை கழிப்பறை வாசலிலேயே சுருண்டு விழுந்தேன். கையில் சொம்பு இருந்தது, குடிக்கத்தான் தெம்பில்லை.

நீ குண்டானது சோற்றால் அல்ல என்பது என் சந்தேகம். தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்தபடி தாகத்துக்கு எதைக் குடிக்கிறாய்? ஒரு லிட்டர் கலரில் ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை, 400 கலோரி. மற்றவன் ஒரு பாட்டிலோடு நிறுத்துவான், நம் தாகம் நிறுத்தாது. முதலில் அதை விடு. வெறும் தண்ணீர் குடி. மோர் வேண்டுமானால் உப்பில்லாமல். அப்பளம், வடகம், கருவாடு ஓரமாக இருக்கட்டும். பருப்பும் முட்டையும் அளவோடு சாப்பிடு, அடியோடு விடாதே. எடை குறைக்கிறேன் என்று தண்ணீரை மட்டும் குறைக்காதே. ஏகாதசிக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விரதம் இருக்கிறவர்கள் இருக்கட்டும், நீ இருக்காதே.

வாரத்துக்கு ஒருநாள் நிறுத்தால் போதும். காலையில் சிறுநீர் கழித்து, தாகம் தீரக் குடித்து, அரைமணி கழித்து ஏறு. மாதத்துக்கு ஒரு கிலோ குறைந்தால் அது உன் உழைப்பு. ஒரே நாளில் ஒரு கிலோ குறைந்து, தலையும் வலித்து, நாக்கும் ஒட்டினால் தண்ணீர் குடித்துவிட்டு டாக்டரிடம் ஓடு, ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல். பர்ஸில் ஒரு சீட்டு வை: நோயின் பேர், டாக்டர் போன் நம்பர், 'தண்ணீரை நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் சலைன் ஏற்றக் கூடாது' என்று இரண்டு வரி. மயங்கிக் கிடக்கிறவனுக்கு வழக்கமான உப்பு சலைனைத்தான் முதலில் தொங்கவிடுவார்கள். நமக்கு அது சோடியத்தை இன்னும் ஏற்றிவிடலாம்.

தை அஸ்தத்துக்கு நம்மூர்க் கூரத்தாழ்வானைச் சேவிக்க வருகிறேன். உன் ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்து வை, என்னுடையதையும் கொண்டுவருகிறேன், சேர்த்து வைத்துப் பார்ப்போம். அக்காவிடம் சொல்லி ஊறுகாய் ஜாடியை மட்டும் எங்காவது ஒளித்து வைக்கச் சொல். உனக்காக இல்லை, எனக்காக.

அன்புடன்,
மாமா